நிவேதாவின் கையும் நீ அனுப்பிய டப்பாக்களும்

தம்பி,

நேற்று நீ போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் நான் அதைக் காதிலேயே வைத்திருந்தேன். கோபத்தில்தான் வைத்தாய் என்று தெரியும். இருந்தாலும் சிக்னல் போயிருக்கும், திரும்பக் கூப்பிடுவாய் என்று ஒரு சபலம். நீ கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் நான் நினைத்ததைச் சொல்ல விட்டிருக்க மாட்டாய். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான். ஒரு கேள்வி கேட்பாய், பதில் வருவதற்குள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவேன். கேம்ப் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டே படிக்காதே, அறைக்குப் போய் உட்கார்ந்து படி.

உன் மாமியார் உன்னிடம் சொன்னது உண்மைதான். நிவேதாவின் வளைகாப்பு வளையல்களை உடைக்கச் சொன்னது நான்தான். நீ தோகாவிலிருந்து அறந்தாங்கி நண்பன் கையில் கொடுத்தனுப்பிய இரண்டு சத்து மாத்திரை டப்பாக்களையும் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருப்பதும் நான்தான். "ஒங்களுக்கு என்னம்மா தெரியும், எட்டாங்கிளாசு சயின்ஸ வச்சுக்கிட்டு டாக்டர் வேல பாக்குறீங்களா" என்று கேட்டாய். எட்டாம் வகுப்பு அறிவியல்தான் எனக்குத் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அதைத்தானே சொல்லிக்கொடுத்தேன். ஆனால் தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்க எனக்கு வெட்கம் கிடையாது. அந்த டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். அதை உன்னிடம் சொல்லத் தொடங்கும்போதுதான் நீ போனை வைத்தாய்.

முதலில் வளையல் கதை. கல்யாணமாகி நீ விமானம் ஏறியதிலிருந்து நிவேதா என்னோடுதான் இருந்தாள். உண்டானது தெரிந்த பிறகும் திருமயத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகிறேன் என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. குன்றாண்டார்கோவிலில் பஸ் ஏறினால் போகிற தூரம்தான், இருந்தாலும் "ஒங்கள விட்டுட்டுப் போனா நீங்க சமைக்கவே மாட்டீங்க அத்தை" என்பாள். சரியாகத்தான் சொன்னாள். ஏழாம் மாதம் வளைகாப்புக்கு நாள் குறித்ததும் நானும் அவளும் புதுக்கோட்டை கீழராஜ வீதிக்குப் போய் வளையல் வாங்கினோம். கடைக்காரர் அவள் கையைப் பார்த்தே ரெண்டு நாலு அளவு என்றார். போட்டுப் பார்த்தோம். தளர்வாகவே ஏறியது. ஐந்தாறு டஜன் அதே அளவில் வாங்கி, மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து வைத்தேன்.

வளைகாப்பன்று கூடம் நிறையப் பெண்கள். நான் அடுப்படி வாசலில் நின்றேன். உன் அப்பா போனதிலிருந்து நான் நிற்கிற இடம் அதுதான். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, யாரும் வரச் சொல்லவும் இல்லை. மருமகளுக்கு முதல் வளையல் போட வேண்டியவள் மாமியார். என் சார்பில் உன் சின்ன அத்தை போட்டாள். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். புளிசாதத்தை மூடி வைப்பதும் திறப்பதுமாக நின்றுகொண்டிருந்தேன். அப்போது கூடத்தில் சிரிப்பு எழுந்தது. வளையல் ஏறவில்லையாம். ஒருத்தி சோப்பு கொண்டுவரச் சொன்னாள், இன்னொருத்தி பெரிய அளவு வாங்கிவரக் கடைத்தெருவுக்கு ஆள் அனுப்பினாள். "கை என்னமா பூரிச்சுப் போயிருக்கு பாருங்கடி, ஆம்பளப் புள்ளதான்" என்று உன் சின்ன அத்தை சொல்ல, எல்லோருக்கும் சந்தோஷம். ஏன், எனக்கும்தான். அந்த வாரம் முழுக்க அவள் முகம் பூசினாற்போல இருப்பதைப் பார்த்து, நான் ஆக்கிப் போட்டதுதான் உடம்பில் சேர்ந்திருக்கிறது என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தவள் நான்.

பெரிய அளவு வந்து சேர்ந்தது. அதையும் சோப்பு போட்டுத்தான் ஏற்றினார்கள். ரெண்டு நாலு தளர்வாகப் போன கை அது, தம்பி. மூன்று வாரம்கூட ஆகவில்லை. சாப்பாட்டுச் சதை அத்தனை சீக்கிரம் விரலிலும் மணிக்கட்டிலும் போய் உட்காராது. நான் நேரே கூடத்துக்குள் போய், சந்தனம் பூசிய அவள் கையை எடுத்துப் புறங்கையில் கட்டைவிரலால் அழுத்தினேன். எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. தலை வலிக்கிறதா என்று கேட்டேன். "முந்தாநாள்லேர்ந்து வலிக்குது அத்தை. கண்ணு முன்னாடி மினுக்கு மினுக்குன்னு என்னமோ பறக்குது. விசேஷ வீட்டுல எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன்" என்றாள். நல்ல நேரத்தில் கட்டுச்சோற்றோடு பெண்ணைக் கூட்டிப் போக வேண்டும் என்று உன் மாமியார் வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அந்த வண்டி திருமயம் போகாது, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகும் என்றேன். பின்னால் யாரோ, "தாலி இல்லாதவ விசேஷக் கையத் தொட்டுட்டாளே" என்றது என் காதில் விழுந்தது. யார் என்று எனக்குத் தெரியும், உனக்குச் சொல்ல மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ் மறுபடி ஒருமுறை பார்த்தாள், அப்புறம் டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினாள். சிறுநீரில் புரதம் இறங்கியிருந்தது. உடனே படுக்க வைத்து, கையில் ஊசிக்குழாய் ஏற்ற வேண்டும் என்றார்கள். வளையல்கள் முழங்கை வரை இறுக்கமாக நின்றன. அதற்குள் வீக்கம் இன்னும் கூடியிருந்தது. சோப்பு போட்டும் இறங்கவில்லை. பிள்ளை பிறக்கும்வரை வளைகாப்பு வளையலைக் கழற்றவே கூடாது, அதிலும் உடைப்பதா என்று உன் மாமியார் மறித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு பெண்ணின் கையில் கண்ணாடி வளையலை உடைப்பது எதற்கு என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு உடைத்ததை அவர்களும் வந்து பார்த்தவர்கள்தானே. நான்தான் நர்ஸிடம், துணியைச் சுற்றி ஒவ்வொன்றாக உடையுங்கள் என்றேன். நிவேதா சத்தமில்லாமல் அழுதாள். வலியில் அழவில்லை. உன்னை நினைத்துத்தான் அழுதாள். கடைசி வளையல் உடைந்ததும், "அவுகளுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல அத்தை" என்று கேட்டாள். உயிர் ஊசலாடுவது அவளுக்கு, அவள் கவலை உன்னைப் பற்றி.

இனி உன் டப்பாவுக்கு வருகிறேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கட்டுரைகளை அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். புரிந்த மட்டும் சொல்கிறேன், தவறு இருந்தால் திருத்து. கர்ப்பத்தின் தொடக்கத்தில் நஞ்சுக்கொடிக்குப் போகிற ரத்தக் குழாய்கள் நன்றாக விரிந்து கொடுக்க வேண்டும். சிலருக்கு அது சரியாக நடப்பதில்லை. ரத்தம் போதாத நஞ்சுக்கொடி சிரமப்பட்டு, என்னென்னவோ பொருட்களைத் தாயின் ரத்தத்தில் கலக்கிறது. அதில் ஆக்சிஜனேற்றம் கட்டுமீறிப் போகிறது. இரும்பு துருப்பிடிப்பதை நான் வகுப்பில் ஆணியையும் தண்ணீரையும் வைத்துக் காட்டுவேனே, அந்த வகை வேதிவினைதான், உடம்புக்குள் ரத்தக் குழாயின் உள்பூச்சை அரிக்கிறது. குழாய்கள் இறுகிப் பிரஷர் ஏறுகிறது, சிறுநீரகம், ஈரல், மூளை எல்லாவற்றுக்கும் ஆபத்து. இந்த அரிப்பைத் தடுக்க உடம்பே சில நொதிகளை வைத்திருக்கிறது. அவை வேலை செய்யத் துத்தநாகம், செம்பு, செலினியம், மாங்கனீசு போன்ற தாதுக்கள் துளித்துளி வேண்டும். பிரஷர் வந்த கர்ப்பிணிகள் பலரின் ரத்தத்தில் துத்தநாகமும் செலினியமும் குறைவாக இருந்ததாக எழுதியிருக்கிறார்கள். இதுவரை நீ சொன்னது சரி. உடனே நீ கடைக்குப் போய் அதையெல்லாம் சேர்த்து அடைத்த டப்பாவை வாங்கிவிட்டாய். இங்கேதான் நீ என் மாணவர்களைப் போல வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதிவிட்டாய்.

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "டீச்சர், கொறஞ்சிருக்குன்னு பாத்தது நெசம். ஆனா அது கொறஞ்சதால பிரஷர் வந்துச்சா, பிரஷர் வந்ததால அது கொறஞ்சுச்சான்னு இன்னும் யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியல. ஒரு எடத்துல கொறச்சலுன்னு வருது, இன்னொரு எடத்துல வித்தியாசமே இல்லன்னு வருது. விட்டமின் சி, ஈ எல்லாம் நெறையக் குடுத்துப் பாத்தாங்க, இந்த நோயத் தடுக்கல. இரும்பும் செம்பும் அளவு மீறுனா அரிப்பக் கூட்டவும் செய்யும். இப்ப இவுங்களுக்கு இது வேணாம்" என்றார். பிரஷர் மாத்திரையை நேரம் தவறாமல் போட வேண்டும், ரத்தமும் சிறுநீரும் அடிக்கடி பார்க்க வேண்டும், பிள்ளையின் அசைவைக் கவனிக்க வேண்டும். பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் நோய் இறங்கத் தொடங்கும். அதற்குப் பிறகும் சில வாரம் கண் வைத்திருக்க வேண்டும். அடுத்த தடவை கர்ப்பம் என்றால் தொடக்கத்திலேயே வந்துவிடுங்கள், கால்சியமும் சின்ன அளவு ஆஸ்பிரினும் கொடுத்துப் பார்க்க வழியிருக்கிறது என்றும் சொன்னார். அப்படியே சாப்பாட்டைப் பற்றியும் கேட்டேன். கடலை, பயறு, கீரை, முட்டை, மீன் எல்லாம் கொடுக்கலாம், வீக்கத்துக்குப் பயந்து உப்பை அடியோடு நிறுத்தாதீர்கள் என்றார்.

எனக்கு உன் அப்பாவின் உரக்கடை ஞாபகம் வந்தது. நடவு முடிந்த சில வாரத்தில் நாற்று பழுப்படித்துவிட்டது என்று இலையைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள், துத்தநாக உரம், அதுதான் சிங்க் சல்பேட், ஒரு பை போடச் சொல்லி. உன் அப்பா விற்பனையைப் பார்க்க மாட்டார். "வயல்ல தண்ணி எத்தன நாளா நிக்குது" என்றுதான் முதலில் கேட்பார். தண்ணீர் வடியாமல் நின்றால், மண்ணில் துத்தநாகம் இருந்தும் வேர் அதை எடுக்க முடியாமல் கிடக்கும். அந்த இடத்தில் மேலே மேலே கொட்டி என்ன பயன், முதலில் வரப்பை வெட்டித் தண்ணீரை விடு என்பார். கடை எப்படி நடந்திருக்கும் என்று நீயே யோசித்துக்கொள். உடம்பும் வயலும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. குறைவு என்று கண்டதும் கொட்டி நிரப்பத் துடிக்கிற அவசரம் உனக்கு வந்திருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன். தூரத்தில் இருப்பவனுக்கு வேறு என்ன செய்யத் தோன்றும், அதுவும் எனக்குப் புரிகிறது.

இப்போது அவள் வார்டில் இருக்கிறாள். பிள்ளை இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று நாளைக் கடத்துகிறார்கள். கூட ஒருவர்தான் இருக்கலாம். தலைப்பிரசவம் தாய் வீட்டுப் பொறுப்பு, அதனால் உன் மாமியார் இருக்கிறார்கள். வளையல் உடைந்ததிலிருந்து அவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. "நீங்க எதுக்கு மதினி தெனமும் அலையிறீங்க, ஏதும்னா நாங்க சொல்றோம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறார்கள். நான் தினமும் போகிறேன். வெளியே வேப்பமரத்தடி சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். பார்வையாளர் நேரத்தில் கொஞ்ச நேரம் உள்ளே விடுவார்கள். நிவேதா என் கையைப் பிடித்துக்கொள்வாள். "அவுக வாராகளா அத்தை" என்று கேட்பாள். வேலை முடிந்ததும் வருவான் என்பேன். பிறகு கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பி ஊருக்கு வந்துவிடுவேன்.

வீட்டில் ரெண்டு பேருக்கு அரிசி அளந்துவிட்டுப் பிறகு பாதியை அள்ளி மறுபடி அரிசிப் பானையில் போடுகிறேன். அவள் இருந்தபோது டிவி சத்தம் தாங்கவில்லை என்று திட்டுவேன். இப்போது நானே போட்டுவிடுகிறேன், பார்ப்பதற்கில்லை, ஒரு பேச்சுக்குரல் கேட்கட்டும் என்றுதான். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் "புள்ள எப்படியிருக்கு டீச்சர்" என்று கேட்டுவிட்டு, வளையலைப் பற்றிக் கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொள்கிறார்கள். உன் சின்ன அத்தை வருவதில்லை. உன்னிடம் நான் இதுவரை தனியாக இருக்கிறேன் என்று சொன்னதே இல்லை. நீ வருத்தப்படுவாய் என்று இல்லை, வருத்தப்பட்டுவிட்டு அங்கேயே இருப்பாய் என்றுதான். இன்று சொல்கிறேன். எனக்கு ரொம்பத் தனியாக இருக்கிறது, தம்பி.

ஆனால் உன்னை வரச் சொல்வது எனக்காக இல்லை. பிளாண்டை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் வேலை நடக்கிறது, டாக்டர் கொடுத்த தேதிக்கு ஒரு வாரம் முன்னால் வந்துவிடுகிறேன் என்கிறாய். அந்தத் தேதியை மறந்துவிடு. பிரஷர் ஏறினாலோ பிள்ளைக்கு ரத்தம் குறைந்தாலோ எந்த நிமிடமும் எடுத்துவிடுவோம் என்று டாக்டரம்மா என்னிடம் நேரிலேயே சொல்லிவிட்டார். வலிப்பு ஜன்னி வராமல் இருக்கவும் மருந்து தயாராக வைத்திருக்கிறார்கள். என்ன மருந்து தெரியுமா, மெக்னீசியம் சல்பேட். நம் பள்ளி ஆய்வகத்தில் எப்சம் உப்பு என்று சீட்டு ஒட்டிய பாட்டிலில் இருந்த அதே உப்பு, ஊசி மருந்தாக. அந்தப் பெயரைக் கேட்டதும் நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருடம் அந்த பாட்டிலைத் துடைத்து அடுக்கியிருக்கிறேன்.

ஏன் உட்கார்ந்தேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உனக்கு மூத்தவள் ஒருத்தி பிறந்தாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நானும் உன் அப்பாவும் பேசி முடிவு செய்யவில்லை, சொல்லாமலே இருந்துவிட்டோம். அப்போது அவர் சவுதியில் இருந்தார். எனக்கும் கால் வீங்கியது, முகம் வீங்கியது, வீட்டில் எல்லோரும் நல்ல புஷ்டி என்று மகிழ்ந்தார்கள். கால் வீக்கம் கூடியதும் உப்பை மட்டும் நிறுத்தினார்கள். ஒரு நாள் மத்தியானம் தலைவலி தாங்காமல் படுத்தேன். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். வலிப்பு வந்து, காத்துக் கருப்பு என்று விபூதி போட்டு, அது நிற்காமல் போன பிறகு ஒரு பால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். நான் கண் விழித்து ஆள் அடையாளம் தெரிந்தபோது வயிறு தட்டையாக இருந்தது. பெண் குழந்தை என்றார்கள், பிறந்து கொஞ்ச நேரம் உயிர் இருந்தது என்றார்கள். கண்மாய்க் கரையில் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். உன் அப்பாவுக்குத் தந்தி போய், அவர் லீவு கிடைத்து வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார், எதுவும் கேட்கவில்லை. திரும்பவும் சவுதிக்குப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று ஊரே கேட்டது, உரக்கடை வைக்கப் போகிறேன் என்றார். நீ வயிற்றில் இருந்தபோது எனக்கு மறுபடி பிரஷர் எட்டிப் பார்த்தது. வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது அவர்தான்.

அவர் கடைசியாகப் படுக்கையில் கிடந்த நாட்களில், நீ ஊருக்கு வந்துவிட்டுப் போன மறுவாரம், நான் அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் குடித்துவிட்டு என் கையைத் தள்ளினார். "பாப்பா யாரு சாடை?" என்று கேட்டார். எந்தப் பாப்பா என்று நான் கேட்கவில்லை. அத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார். நான் பார்த்திருப்பேன், கேட்டால் என் மனசு புண்படும் என்று அவ்வளவு காலமும் அதை அடக்கி வைத்திருந்திருக்கிறார். எனக்கோ, புதைத்தவர்களிடம் அவர் விசாரித்துத் தெரிந்திருப்பார், என்னிடம் பேச விரும்பவில்லை என்ற நினைப்பு. "நானும் பாக்கலங்க" என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை.

நிவேதா பிழைப்பாள், பிள்ளையும் பிழைக்கும் என்றுதான் டாக்டரம்மா சொல்கிறார். நானும் அப்படித்தான் நம்புகிறேன். நம்பிக்கையோடுதான் தினமும் பஸ் ஏறுகிறேன். இருந்தாலும் லீவு கேட்டு எழுதிக்கொண்டிருக்காதே, புறப்பட்டு வா. நன்றாகப் பிறந்தால் கையில் வாங்கிக்கொள்ள நீ இருப்பாய். நடக்கக் கூடாதது நடந்தாலும், பிள்ளை யார் சாடை என்று ஒருவரையொருவர் கேட்கப் பயந்து நீங்கள் இருவரும் காலம் முழுக்க ஒரே வீட்டில் இருக்க வேண்டாம்.

அம்மா